அடுப்புக்காரி

எங்களை அடைத்து வைத்திருந்தது கோட்டையின் குதிரைக் கொட்டிலில். குதிரைகளை வெளியே கட்டிவிட்டு எங்களை உள்ளே விட்டிருந்தார்கள். எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. கதவுக்குப் போவேன், பலகை இடுக்கில் கண்ணை வைத்து முற்றத்தைப் பார்ப்பேன், திரும்பி வந்து வைக்கோலில் உட்காருவேன், உட்கார்ந்ததும் எழுந்துவிடுவேன்.

"ஆல்டித்தக்கா, கொஞ்சம் உக்காரேன். நீ நடக்கறதப் பாத்தா எனக்குத் தல சுத்துது" என்றாள் மேபல். ஹாக்பி ஊர்ச் சாமியார் ரெய்னர் வீட்டுப் பெண் அவள். என்னைவிட இளையவள், வாய் என்னைவிட நீளம்.

"உக்காந்தா மட்டும் வந்துருவாரா?"

"நடந்தா மட்டும் வந்துருவாரா?"

மறுபடி கதவுக்குப் போனேன்.

அங்கே இருந்தவர்கள் எல்லாரும் சாமியார் வீட்டுப் பெண்கள்தான். ஊரில் எங்களுக்குப் பெயர் அடுப்புக்காரி. சாமியாருக்குக் கல்யாணம் கூடாது என்பது சட்டம். சாமியாருக்கும் பசிக்கும், பனிக்காலத்தில் குளிரும் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். அதனால் கோயிலுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு அடுப்பு எரியும், அதன் பக்கத்தில் ஒருத்தி இருப்பாள், அவள் காலைச் சுற்றிப் பிள்ளைகள் இருக்கும். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். என் மகள் ஹவீஸுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் அவள் தகப்பனேதான். தகப்பன் பெயர் சொல்ல வேண்டிய இடம் வந்ததும் ஆஸ்பர்ன் சாமி இருமினார். ஊர் மொத்தமும் கோயில் கூரையை அண்ணாந்து பார்த்தது, அதில் என்னவோ புதிதாக ஓட்டை விழுந்தது போல. அந்த இருமலை நான் இன்றுவரை மறக்கவில்லை. ஹவீஸுக்குப் பேச்சு வந்ததும் நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், நாலு பேர் இருந்தால் அவரைச் சாமி என்று கூப்பிட வேண்டும் என்பது.

எங்களைப் பிடித்து வைத்த சண்டையில் எங்களுக்கு ஒரு பங்கும் இல்லை. நாட்டுக்குத் தலைமை ஆயராக யார் உட்காருவது என்று மன்னருக்கும், சாமியார்களுக்கெல்லாம் மேலே இருக்கிற ஆயர்களுக்கும் தகராறு. மன்னர் ஒரு ஆளைச் சொன்னார், ரோமாபுரியில் இருக்கிற பாப்பரசர் வேறு ஆளைச் சொன்னார். மன்னர் இறங்கி வரவில்லை. உடனே ஆயர்கள் நாட்டில் இருக்கிற கோயில்களை எல்லாம் பூட்டச் சொல்லிவிட்டார்கள். மணி கிடையாது, பூசை கிடையாது, செத்தவர்களுக்குக் கோயில் தோட்டத்தில் இடம் கிடையாது. எங்கள் ஊர்க் கொல்லனின் தாயைச் சாலையோரப் பள்ளத்தில் புதைத்தோம். பாவம் செய்தவன் மன்னிப்புக் கேட்க வேண்டுமென்றால் சாகக் கிடக்க வேண்டும். உயிரோடு இருப்பவனுக்கு அதுவும் இல்லை.

பூட்டச் சொன்ன எங்கள் ஆயர் கப்பலேறிக் கடலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. இரண்டு கோட்டை, வேட்டை நாய்கள், வாள் பிடித்த ஆட்கள் எல்லாம் உண்டு. அவருக்குக் கூடப்பிறந்தவர் ஒருவரும் கிடையாது, ஆனால் அண்ணன் மகன்கள் மூன்று பேர் இருந்தார்கள், மூவருக்கும் அவருடைய மூக்கு. சாமியார் வீட்டில் பெண் இருக்கக் கூடாது என்று அதிகமாகக் கத்தியவரும் அவர்தான்.

மன்னருக்கு ஆயர் எட்டவில்லை, சாமியார்கள் எட்டினார்கள். முதலில் அவர்களுடைய தானியக் களஞ்சியங்களைப் பூட்டினார். அப்போதும் ஆயர்கள் அசையவில்லை என்றதும் அடுப்புக்காரிகளைப் பிடித்து வரச் சொன்னார். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. நாங்கள் மத்தளம்.

என்னைப் பிடிக்க வந்தபோது பட்டாணிக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. ஆஸ்பர்ன் வாசலில் நின்று கையைப் பிசைந்தார். கோழைக்கும் அவருக்கும் அதிக தூரமில்லை, வாத்துக் கூட்டம் எதிரே வந்தாலே வேலி ஓரமாக ஒதுங்கிப் போகிறவர். நான்தான் அவர் காதருகே போய்ச் சொன்னேன்.

"கேட்டா, சமையக்காரின்னு சொல்லிருங்க. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம். கஞ்சிய எறக்கி வைங்க, அடி புடிச்சிரும்."

அவர் தலையாட்டினார்.

கோட்டையில் மன்னருடைய அதிகாரி ஹாமோ வைத்த விதி எளிது. சாமியார் வர வேண்டும். 'இவள் என்னுடையவள்' என்று ஒத்துக்கொண்டால், வீட்டில் இருக்கிற மாட்டை மன்னருக்குக் கொடுத்துவிட்டுக் கூட்டிப் போகலாம். 'இவள் வெறும் வேலைக்காரி' என்றால் ஒன்றும் கொடுக்க வேண்டாம், வேலைக்காரி மேல் மன்னருக்கு என்ன கோபம். வராவிட்டால் அவள் கொட்டிலிலேயே கிடப்பாள்.

ஒத்துக்கொள்வதில் ஒரு சிக்கல் இருந்தது. முற்றத்தின் ஓரத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஜோர்டன் என்று ஒரு ஆள் தினமும் வந்து நிற்பார். ஒல்லி உடம்பு, எப்போதும் ஈரமான மூக்கு. ஆயருடைய ஆள் அவர். கடல் தாண்டிப் போனாலும் ஆயர் தன் கண்ணை இங்கே விட்டுப் போயிருந்தார். எந்தச் சாமியார் பெண்ணை ஒத்துக்கொள்கிறாரோ அவருக்கு அன்றோடு கோயிலும் இல்லை, வீடும் இல்லை. ஹாமோ ஜோர்டனை விரட்டவில்லை. ஆயரும் சாமியார்களும் அடித்துக்கொண்டால் மன்னருக்குக் கசக்குமா?

அதனால் முதலில் வந்த சாமியார்கள் எல்லாரும் ஒரே பாட்டுத்தான் பாடினார்கள். சமையக்காரி. துணி துவைக்கிறவள். ஒருவர், "எங்க கோழிய மேய்க்கிறவ" என்றார், அவர் வீட்டில் கோழியே கிடையாது. பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார்கள். அவர்களில் ஒருத்தி மட்டும் திரும்பி எங்களைப் பார்த்து அழுதாள். வெளியே போகிறவள் எதற்கு அழுகிறாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

ஹாமோ முட்டாள் இல்லை. நாட்டில் இத்தனை சமையக்காரிகளா என்று யோசித்திருப்பான். மறுநாள் காலையில் எங்களை முற்றத்துக்குக் கூட்டி வந்து வரிசையாக நிற்க வைத்தார்கள். வருகிற சாமியார் எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டுமாம். நடுவில் ஒரு மேசை போட்டு, துணி விரித்து, அதன் மேல் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

"இனிமே சும்மா சொன்னா போதாது" என்றான் ஹாமோ. "வேலைக்காரின்னு சொல்றவரு, புனிதரோட எலும்பு இருக்கற இந்தப் பெட்டி மேல கை வச்சுச் சத்தியம் பண்ணட்டும். பொய்ச் சத்தியம் பண்ணா என்ன ஆகும்னு சாமியாருங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்ல. மன்னிப்புக் குடுக்கற கடையையும் உங்க ஆயரே பூட்டிட்டுப் போயிட்டாரு."

பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். மேபலின் முகம் வெளுத்துவிட்டது. நான் மட்டும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினேன். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல, அது எங்கள் கோயில் பெட்டி. களஞ்சியத்தைப் பூட்ட வந்தபோது, மேலே வெள்ளித் தகடு இருக்கிறது என்று தூக்கிப் போனார்கள். உள்ளே இருப்பது புனித ஆல்வினின் விரலெலும்பு என்று சுற்று வட்டாரமெல்லாம் நம்பியிருந்தது.

அது விரலெலும்பு இல்லை. ஆட்டெலும்பு.

நடந்தது இதுதான். ஹவீஸ் கைக்குழந்தையாக இருந்தபோது, திருநாளுக்கு முந்தின நாள் ஆஸ்பர்ன் பெட்டியைப் பளபளப்பாக்குகிறேன் என்று பன்றிக் கொழுப்பைத் தேய்த்துத் திறந்து வைத்துவிட்டுப் போனார். எங்கள் நாய் கிரிப் வாசனை பிடித்து வந்தது. புனிதரின் விரல் போன இடம் கிரிப்புக்குத்தான் தெரியும். ஆஸ்பர்ன் தரையில் உட்கார்ந்து அழுதார். விடிந்தால் திருநாள், பக்கத்து ஊர் ஜனமெல்லாம் வரும். நான் சூப்புச் சட்டியிலிருந்து ஒரு சின்ன எலும்பை எடுத்துச் சுரண்டி, சாம்பலில் தேய்த்து, உள்ளே வைத்தேன். அந்த வருஷம் மாவரைக்கிறவரின் பல்வலி தீர்ந்தது. ரெய்னர் சாமியின் முழங்கால் சரியானதும் அந்த எலும்பால்தான்.

ஆகவே அந்த முற்றத்தில் பயமில்லாமல் பொய்ச் சத்தியம் செய்யக்கூடிய ஒரே சாமியார் என் ஆஸ்பர்ன். வரட்டும், கையை வைக்கட்டும், சமையக்காரி என்று சொல்லட்டும். மாடும் மிஞ்சும், கோயிலும் மிஞ்சும், கூரையும் மிஞ்சும். இரவு வீட்டில் உட்கார்ந்து இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிக்கலாம் என்று நினைத்தேன்.

முதலில் வந்தது ரெய்னர். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் அவர். முற்றத்துக்குள் நுழையும்போதே ஹாமோவுக்கு ஒரு வணக்கம், ஜோர்டனுக்கு ஒரு வணக்கம். மேபலைப் பார்த்து லேசாகக் கண்ணைக் காட்டினார். மேசைக்கு வந்தவர் பெட்டியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"இது... ஆல்வின் புனிதரோடதா?"

"ஆமா. கைய வைங்க."

ரெய்னரின் கை பெட்டிக்கு மேலே போய் நின்றது. மற்றக் கை தானாகவே முழங்காலைத் தடவியது. ஒத்துக்கொள்ளலாம் என்று திரும்பினால் தொட்டிப் பக்கம் ஜோர்டன் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"நான் வேற வேலையா வந்தேன். இந்தப் பொம்பள யாருன்னே எனக்குத் தெரியாது."

சொல்லிவிட்டு நடந்தார். வேகமாகக்கூட நடக்கவில்லை, சந்தைக்குப் போகிறவர் போல நடந்தார். அவர் வாசலைத் தாண்டுகிற வரை மேபல் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சேவல் ஏதாவது கூவுச்சாக்கா?" என்றாள். குருவைத் தெரியவே தெரியாது என்று சீடன் மூன்று தடவை சொன்னதும் சேவல் கூவியதாக வேதத்தில் வரும்.

"இல்லடி."

"கூவியிருக்கணுமே. மூணு பிள்ளை பெத்திருக்கேன்."

அவள் அழவில்லை. காலடியில் கிடந்த வைக்கோலைக் கால் விரலால் மடித்து மடித்து விட்டுக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தபோதுதான், நேற்று வெளியே போனவள் ஏன் அழுதாள் என்பது சட்டென்று புரிந்தது. வேலைக்காரி என்று ஊர் முன்னால் சொல்லப்பட்டவள், அதற்கப்புறம் எந்த அடுப்பின் பக்கத்தில் போய் உட்காருவாள்? ஆஸ்பர்னுக்கு நான் சொல்லிக்கொடுத்த சமையக்காரி என்ற வார்த்தை என் காதில் விழுவதை நினைத்துப் பார்த்தேன். சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. வர வேண்டாம், இன்று வர வேண்டாம் என்று மனசு அடித்துக்கொண்டது. வராவிட்டால் கொட்டிலில் கிடக்க வேண்டும், ஹவீஸ் வீட்டில் என்னைத் தேடுவாள். வந்துதான் ஆக வேண்டும். வந்தால் அந்த வார்த்தையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி நின்றேன்.

அவர் வந்துவிட்டார். கையில் கயிறு, கயிற்றின் முனையில் எங்கள் மாடு. எதற்கு இந்த மனிதர் மாட்டை ஓட்டிக்கொண்டு வருகிறார் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. மாட்டைக் காட்டினால் ஹாமோவுக்கு ஆசை வராதா? முற்றத்தில் காவல்காரனின் வாத்துகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றைச் சுற்றிக்கொண்டு சுவரோரமாகவே வந்து சேர்ந்தார்.

"யாரு நீங்க?" என்றான் ஹாமோ.

"தார்ன்பி கோயில் சாமியார், ஆஸ்பர்ன்."

"இந்தப் பெட்டிய அடையாளம் தெரியுதா?"

அவர் பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கண்ணைச் சிமிட்டினேன். பயப்படாதீங்க, ஆட்டெலும்புதான் என்று அதற்கு அர்த்தம். அவருக்கும் புரிந்தது, ஏனென்றால் அவர் உதடு ஒரு பக்கம் லேசாக இழுத்துக்கொண்டது. சிரிப்பு வருகிறபோது அவருக்கு அப்படித்தான் இழுக்கும்.

"தெரியுது" என்றார். "எங்க கோயில் பெட்டி."

"அப்போ இன்னும் நல்லதாப் போச்சு. கைய வச்சுச் சொல்லுங்க. இந்தப் பொம்பள உங்களுக்கு யாரு?"

பெட்டி மேல் கையை வைத்தார். முழுக் கையையும் வைத்தார், மாட்டின் முதுகைத் தட்டிக்கொடுப்பது போல. பெட்டியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். எனக்குக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

"இவ என் பொண்டாட்டி" என்றார்.

மாடு தும்மியது.

"ஹவீஸுன்னு ஒரு பொண்ணு இருக்கா, அவ எங்க பொண்ணு" என்று அவர் மேலும் சொன்னார், யாரும் கேட்காமலே. இருமவில்லை.

ஹாமோவின் முகம் மலர்ந்தது. ஒரு ஆளைக் கூப்பிட்டு மாட்டைக் கொட்டிலுக்கு ஓட்டச் சொன்னான். அதற்குள் தொட்டிப் பக்கமிருந்து ஜோர்டன் வந்துவிட்டார், அவ்வளவு வேகமாக நடந்து அவரை நான் பார்த்ததில்லை.

"கோயில் சாவியக் குடும்" என்றார். "இனிமே நீர் அந்தக் கோயிலுக்குச் சாமியார் இல்ல. ஆயர் பேரால சொல்றேன்."

ஆஸ்பர்ன் இடுப்புக் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்தார். ஹாமோ குறுக்கே கையை நீட்டினான்.

"நில்லுங்க. கோயில் சொத்தெல்லாம் இப்ப மன்னர் கையில. சாவி எனக்கு."

"சாவி சொத்து இல்ல. சாவி ஆயரோட அதிகாரம்."

"உங்க ஆயருக்கு இங்க என்ன அதிகாரம்? தைரியம் இருந்தா கப்பல்ல வந்து வாங்கிக்கச் சொல்லுங்க."

"மன்னருக்குப் பூசை வைக்கத் தெரியுமா? அப்புறம் எதுக்கய்யா சாவி?"

"உங்களுக்குத் தெரியும்ல? ஏன் வைக்க மாட்டேங்கறீங்க?"

இரண்டு பேரும் சாவியின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பூசை நடக்காத கோயில், மணி அடிக்காத கோயில், உள்ளே இருந்த பெட்டியும் மேசைக்கு வந்துவிட்ட கோயில். அதன் சாவிக்கு மன்னரும் ஆயரும் அந்த முற்றத்தில் மல்லுக்கு நின்றார்கள். ஆஸ்பர்ன் சாவியை அவர்களிடமே விட்டுவிட்டார். என்னிடம் வந்து கையைப் பிடித்தார். பகல் வெளிச்சத்தில், ஜனம் பார்க்க, அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. மேபலைத் தாண்டும்போது, "உங்க அண்ணனுக்குச் சொல்லி அனுப்பறேன்டி" என்றேன். சொன்னபடி அனுப்பினேன். அவனும் வந்தான், தன் மாட்டைக் கொடுத்து மீட்டு, அவளைத் தன் வீட்டுக்கே கூட்டிப் போனான். ரெய்னர் பிறகு தேடி வந்தபோது, "நீங்க யாருன்னே தெரியலயே" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாளாம்.

கோட்டை வாசலைத் தாண்டி வெளியே வந்தோம். பாலத்தில் ஏறியதும் பிடித்துக்கொண்டேன்.

"புத்தி கெட்டுப் போச்சா உங்களுக்கு? சமையக்காரின்னு சொல்லுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. மாடு போச்சு. கோயில் போச்சு. வீட்டக் காலி பண்ணச் சொல்லி நாளைக்கே ஆள் வரும். எங்க போய்ப் படுக்கறது? உங்களுக்கு என்ன வேல தெரியும்? மம்பட்டி புடிக்கத் தெரியுமா, கூரை மேயத் தெரியுமா? வாத்தப் பாத்தாலே ஓடறீங்க."

அவர் பாலத்துப் பலகைகளைப் பார்த்தபடி நடந்தார்.

"அது ஆட்டெலும்புன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்புறம் என்ன? பொய் சொல்லியிருந்தா எந்தப் புனிதரும் கேட்டிருக்க மாட்டாரே."

"அவரு கேட்டிருக்க மாட்டாரு" என்றார். "நீ கேட்டிருப்பியே."

பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் பக்கத்தில் நின்று என்ன செய்வதென்று தெரியாமல் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுது முடித்ததும், "கஞ்சிய எறக்கி வச்சீங்களா அன்னைக்கு?" என்று கேட்டேன். "அடி புடிச்சிருச்சு" என்றார்.

தார்ன்பிக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கொல்லன் பட்டறை வாசலில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். செய்தி எங்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டது என்று அவர்கள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. யாரும் கூரையை அண்ணாந்து பார்க்கவில்லை, எங்களைத்தான் பார்த்தார்கள். ஹவீஸ் எங்கிருந்தோ ஓடி வந்தாள். ஓடி வந்தவள் ஆட்களைக் கண்டதும் சட்டென்று நின்று, பாவாடையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"சாமி, அம்மாவ விட்டுட்டாங்களா?" என்றாள், பாடம் பிசகாமல்.

ஆஸ்பர்ன் குனிந்தார். "இனிமே நான் சாமி இல்ல, கண்ணு."

அவள் விழித்தாள். அவரைப் பார்த்தாள், நின்றிருந்தவர்களைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். சொல்லலாமா என்று கண்ணாலேயே கேட்டாள். இத்தனை வருஷம் அந்த வார்த்தையை அவள் தொண்டைக்குள்ளேயே அடைத்து வைத்தவள் நான்தான்.

"வீட்டுக்குள்ள எப்படிக் கூப்பிடுவியோ அப்படிக் கூப்பிடு" என்றேன். "கத்திக் கூப்பிடு. கொல்லனுக்குக் காது கொஞ்சம் மந்தம்."

அவள் மூச்சை இழுத்துக்கொண்டு, "அப்பா" என்று கத்தினாள். பட்டறைக்குள் சுத்தியல் நின்றது.